கடைசி ஆளின் முதுகு

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அம்மாதான் அப்படி இல்லை. உன் உடம்பைப் பற்றி நீயாக ஒருநாளும் எழுதப் போவதில்லை, ஆகவே நானே கேட்கிறேன். உடைந்த கால் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிக்கொண்டே வருகிறது. நேற்று நான் தையல்கூடத்திலிருந்து திரும்பியபோது வாசலில் தபால்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டா இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் நெளிகிறார், கையை உருவவும் மனசில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். இவள் ஒத்துக்கொண்டால்தானே! "கத்தி வெச்சு ஏதாவது ஆயிட்டா? இருக்கற வெளிச்சத்துல என் பிள்ளை மூஞ்சியை ஒரு தடவை பார்த்துக்கறேன். அப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணிக்கட்டும்" என்கிறாள். அந்த வெளிச்சமும் நாளுக்கு நாள் மங்குகிறது.

போர் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது அண்ணா. எதிரி உன்னை விடுவித்ததும் வீட்டுக்கு வராமல், பாராசூட்டில் போய் விழுந்த அதே எல்லைக்காட்டுக்குத் திரும்பிப் போய் மரம் ஏறுகிற மகராசன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். அங்கே யாரையாவது பிடித்து வைத்திருக்கிறாயா? இருந்தால் சொல்லித் தொலை. அவளையும் கூட்டிக்கொண்டு வா.

உன் சிநேகிதர் வாலு எப்படி இருக்கிறார்? பெற்றவர்கள் இல்லாத பிள்ளை என்று லீவில் நீ கூட்டிவந்தபோது அவர் சீவிச் சரிசெய்த சமையலறைக் கதவு இன்றைக்கும் சத்தமில்லாமல் சாத்துகிறது. நீங்கள் இருவரும் வாசலில் நின்றுகொண்டு, வெளியே போகிறவர்கள் முதுகையெல்லாம் தட்டி "ஆச்சு!" என்று கத்துவீர்களே. "மாட்டைத் தட்டற மாதிரி தட்டறானுங்க" என்று அம்மா திட்டுவாள். இப்போது கடைக்குக் கிளம்பினால் வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் படி இறங்குகிறாள். எதற்கென்று நான் கேட்பதில்லை.

வா அண்ணா.

உன் தங்கை,
ஊசி


ஏப்ரல் 11

ஊசிக்கு,

கடிதம் வந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. கால் மழைக்கு மட்டும் முணுமுணுக்கும். உனக்குத் தையல் மிஷினில் குனிந்து குனிந்து வருகிற கழுத்துவலி தேவலையா?

கரண்ட் கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டுவதுதான் வேலை. இடுப்பில் தோல்பட்டை கட்டிக்கொண்டு நான் ஏறுவேன். கீழே ஒருவன் கயிறு பிடிப்பான். வெட்டுகிற கிளை கம்பிமேல் விழாமல் கயிற்றில் கட்டி மெல்ல இறக்க வேண்டும். தேவையில்லாத மரத்திலும் ஏறுகிறேன் என்று மேஸ்திரிக்கு என்மேல் கோபம். "ஏன்யா, அந்த மரத்துப் பக்கம் கம்பியே கிடையாதே, அங்க என்ன தேடற?" என்பார்.

காற்றுக்காலம் வருகிறது. இப்போது லீவு கேட்க முடியாது. அம்மாவை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வை. நீ சொன்னால் கேட்பாள்.

வாலு இங்கே பக்கத்தில்தான் இருக்கிறான். வேலை முடிந்ததும் தினமும் அவனைப் பார்த்துவிட்டுத்தான் அறைக்குப் போகிறேன். முன்னைப்போல் அவன் பேசுவதில்லை. நான்தான் பேசுவேன். கேட்டுக்கொண்டிருப்பான்.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணா,

கழுத்து என் கழுத்துதான், இன்னும் கழன்று விழவில்லை. உன் கால், உன் வயிறு, இரண்டையும் பார்த்துக்கொள்.

வாலு பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாரா? கதை விடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா! இங்கே இருந்தபோது என் தையலைப் பார்த்து, "இந்தக் காஜா எடுக்கற கையை எங்க பட்டாளத்துல சேர்த்துவிட்டா எதிரி வாயைத் தெச்சுடலாம்" என்று நாளெல்லாம் வம்பிழுத்தவர். ஒருவேளை உன் பேச்சைக் கேட்டுக் கேட்டே வாய் அடைத்துப் போயிருக்கும்.

இத்துடன் இரண்டு சட்டை அனுப்பியிருக்கிறேன். உனக்கு நீலம். சாம்பல் நிறம் அவருக்கு. அளவு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தையல்காரிக்குக் கண்ணிலேயே டேப் இருக்கிறது. போட்டுப் பார்த்து, தோள் சரியாக இருக்கிறதா என்று அவரையே எழுதச் சொல்.

அம்மா "அவனை எப்ப வரச் சொன்ன?" என்று கேட்கிறாள். நான் அடுத்த மாசம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்காரி ஆக்காதே.

ஊசி


ஜூன் 19

ஊசிக்கு,

இரண்டு சட்டையும் வந்தன. எல்லாரும் நலமென்று நம்புகிறேன். நீலம் போட்டுக்கொண்டேன், கச்சிதம். அவனுடையதை அறையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

என்னால் வர முடியாது. நீ திட்டுவதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் குதிக்கப் போகும்போது எல்லாரும் வரிசையாக எழுந்து நின்று, தலைக்கு மேலே ஓடும் கம்பியில் பாராசூட் கயிற்றின் கொக்கியை மாட்டுவோம். ஒவ்வொருவனும் முன்னால் நிற்கிறவனின் முதுகுப்பையைத் தொட்டுச் சோதித்து, தட்டி, "ஆச்சு" என்பான். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அவன் முதுகை அவனுக்கு முன்னால் இருப்பவன்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். எங்கள் வரிசையில் வாலு கடைசி, அதனால்தான் அந்தப் பெயரும். அவனுக்கு முன்னால் நான். அன்றைக்கும் திரும்பி அவன் முதுகைச் சோதித்தேன். முகம் வெளிறியிருந்தது. "கீழே நிக்கிறேன், வா" என்று சொல்லிவிட்டுக் குதித்தேன்.

சொன்ன சொல் அது. அவனைத் தனியாக விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

அண்ணன்


ஜூலை 23

வாலு அவர்களுக்கு,

ஆஸ்பத்திரி விலாசத்துக்கே எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் உடம்பு எப்படி என்று கேட்பதுதான் முறை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது.

அம்மாவின் கண்ணைச் சும்மா காட்டிவிட்டு வரலாம் என்றுதான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். லிப்டில் ஏறினோம். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லிப்ட்காரரை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் மாடியில் கிராதிக் கதவை இழுத்தீர்கள். வெளியே போகிற ஒவ்வொருவர் முதுகிலும் உங்கள் கை தானாகப் போய் ஒரு தட்டு தட்டியது. அம்மா முதுகிலும் தட்டினீர்கள். அவள் அப்படியே நின்றாள். திரும்பி, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாடா?" என்றாள்.

அப்போதுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். தாடி இருந்தாலும் தெரியாமல் போகுமா! "நான் இல்லம்மா, வேற ஆளு" என்றீர்கள். என்னிடம் மெதுவாக, "தயவு செஞ்சு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டீர்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அண்ணனின் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன்.

என் அண்ணன் தினமும் சாயங்காலம் உங்களைப் பார்க்கப் போவதாக எழுதுகிறான். உங்களோடு பேசுவதாக எழுதுகிறான். நீங்கள் இங்கே லிப்ட் ஓட்டுகிறீர்கள். அவன் அங்கே யாரைப் பார்த்துப் பேசுகிறான்? எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்.

ஊசி


ஆகஸ்ட் 8

மதிப்புக்குரிய ஊசி அவர்களுக்கு,

உங்கள் அம்மாவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை.

உங்கள் அண்ணன் யாரைப் பார்க்கிறான் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அவனை நான் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. நான் குதிக்கவே இல்லை.

அதற்கு முன்னால் எத்தனையோ தடவை குதித்தவன்தான். அன்றைக்கு அவன் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனதும் எனக்கு முன்னால் யாரும் இல்லை. வெறும் கதவு. இரண்டு கையாலும் கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். கதவுப் பக்கம் நின்ற அதிகாரி தள்ளினார், திட்டினார், கடைசியில் கெஞ்சினார். கால் வரவில்லை. விமானம் காட்டைத் தாண்டிவிட்டது, குதிக்கச் சொல்லும் பச்சை விளக்குச் சிவப்பாகிவிட்டது. குதித்தவன் திரும்பிப் பார்க்க முடியாது. தனக்குப் பின்னால் இருப்பவன் குதித்திருப்பான் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவனும் அப்படித்தானே நினைத்திருப்பான்!

என்னை வேறு பட்டாளத்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவன் கால் உடைந்து பிடிபட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பின்னாலேயே இறங்கியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். எந்த முகத்தோடு உங்கள் வீட்டுக்கு வருவேன்? இப்போது மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறேன். அவர்கள் வெளியே கால் வைக்கும்போது கை தானாகப் போய்விடுகிறது.

சொல்லாதீர்கள். என்னைக் கோழை என்று அவன் நினைப்பதைவிட, அவன் நினைத்துக்கொண்டிருப்பது எதுவோ அதுவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாலு


ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணா,

அம்மா நலமில்லை, நானும் நலமில்லை. நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இந்தத் தடவை வேறொன்றும் எழுதவில்லை. வாலு கையால் ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. சட்டை சரியாக இருக்கிறது என்று ஒரே ஒரு வரி. அது போதும்.

ஊசி


அக்டோபர் 20

ஊசிக்கு,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அம்மாவிடம் இதைப் படிக்காதே.

அவனால் எழுத முடியாது. அவன் இல்லை.

அன்றைக்கு விழுந்த வேகத்தில் கால் முறிந்து மரத்தடியில் கிடந்தேன். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திக் கத்திக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை, எதிரிகள்தான் வந்தார்கள். சிறையிலிருந்து விட்டதும் நேராக இங்கே வந்தேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்று பயம். ஒவ்வொரு மரமாக ஏறிப் பார்க்க வேண்டும், அதற்கு யாரும் தடுக்காத ஒரு வேலை வேண்டும். அப்படித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

ஒரு மழைக்காலம் கழித்து, உச்சிக்கிளையில் கண்டேன். துணி இலை நிறத்துக்கு வந்திருந்தது. பட்டைகளுக்குள் எலும்புதான் இருந்தது. பாராசூட் ஒழுங்காக விரிந்திருந்தது ஊசி. நான் தட்டிப் பார்த்த முதுகு தப்புப் போகவில்லை, மரம்தான் பிடித்துக்கொண்டது. பெரிய தேன்கூடு என்று சொல்லி மற்றவர்களை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, கிளையை இறக்குவது போலக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினேன். அந்த மரத்தடியிலேயே புதைத்தேன். ராணுவத்துக்குச் சொன்னால் பெட்டியில் போட்டு எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்கள். கீழே நிற்கிறேன் என்று சொன்னவன் நான்தானே!

தினமும் போய் உட்கார்ந்து அம்மா கண், உன் சண்டை எல்லாவற்றையும் அவனிடம் சொல்கிறேன். சில நாள் மேலேயிருந்து "ஆச்சு" என்று கேட்கும். ஏறிப் பார்த்தால் காற்றுதான்.

என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொள். ஆனால் வரச் சொல்லாதே.

அண்ணன்


அக்டோபர் 27

வாலு அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. அண்ணன் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

படித்தாயிற்றா? நீங்கள் உயிரோடு இருந்துகொண்டு என் அண்ணனைச் சாகடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபத்தில்தான் சொல்கிறேன், வாபஸ் வாங்கப் போவதில்லை. சொல்லமாட்டேன் என்று உங்களுக்குத் தலையாட்டியது உண்மை. அந்த வாக்கைக் காப்பாற்றுகிறேன். நான் சொல்லவில்லை, நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

கடிதம் எழுதி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். பேய் எழுதியிருக்கிறது என்று கொண்டுபோய் அந்த மரத்தடியில் படித்துக் காட்டுவான். நேரில் போங்கள். ஒரு சாமான் அனுப்புகிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு வந்து நில் என்று அவனுக்கு எழுதிவிட்டேன். இனி உங்கள் பாடு.

உங்களைக் கோழை என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்குக் கால் வராதது ஒரு விஷயமா? எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கை வராத நாள் உண்டு. ஆனால் இந்தத் தடவையும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களென்றால், என் அம்மா பிள்ளை முகம் பார்க்காமலே குருடாவாள். அப்புறம் உங்களை மன்னிக்க என்னால் ஆகாது.

ஊசி


நவம்பர் 16

ஊசிக்கு,

நீ அனுப்பிய சாமான் வந்து சேர்ந்தது. உன்னை என்ன செய்தால் தகும்!

பஸ் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் உள்ளே பார்த்து, "யோவ், கடைசி ஸ்டாப்புய்யா, இறங்கு" என்று கத்துகிறார். படிக்கட்டில் ஒருவன் இரண்டு கையாலும் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தாடிக்கு மேலே அந்தக் கண்கள். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அன்றைக்கு விமானத்தில் பார்த்த அதே வெளிறிய முகம்.

"கீழே நிக்கிறேன், வா" என்றேன்.

இறங்கினான். பளாரென்று ஒரு அறை விட்டேன். முதுகைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று அழுதோம். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.

எல்லாம் சொன்னான். அவன்மேல் கோபமே வரவில்லை, அறைந்ததோடு சரி. ஆனால் மறுநாள் மரத்தடிக்கு அழைத்துப் போனேன். இருவரும் நின்றோம். "அப்ப இது யாரு?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை ஊசி. அன்றைக்கு எத்தனையோ விமானங்கள். எந்த வரிசையில் எத்தனாவது ஆளோ! இத்தனை நாள் நான் யாரிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்? யார் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது? மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அறையில் உட்கார்ந்தே இருந்தேன். சோறு பொங்கி, அதட்டி என்னைச் சாப்பிட வைத்தவன் வாலுதான்.

நேற்று மறுபடி போனோம். காற்று அடித்தது. மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. "கேட்டுச்சா?" என்றேன். "கேட்டுச்சு" என்றான். மண்மேட்டின் மேலிருந்த சருகைக் கையால் ஒதுக்கினான். பிறகு சொன்னான்: "நீ போடா. அம்மாவுக்குக் கண்ணு தெரியறப்பவே போ. இங்க நான் நிக்கிறேன். இவனுக்கும் எவனாவது கீழே நிக்கிறேன்னு சொல்லியிருப்பான் இல்ல?"

மேஸ்திரி அவனைக் கீழே கயிறு பிடிக்கச் சேர்த்துக்கொண்டார். சாம்பல் சட்டை அவனுக்குத் தோளில் தொளதொளவென்று இருக்கிறது. அளவு தப்பு உன்னுடையது அல்ல, ஆள் இளைத்துவிட்டான். புதன்கிழமை கிளம்புகிறேன். அம்மாவிடம் சொல்.

அண்ணன்


ஜனவரி 9

அன்புள்ள வாலு அவர்களுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதக் கை எவ்வளவு ஆசைப்பட்டது தெரியுமா! மழைக்கு இருமல் வராமல் பார்த்துக்கொள்கிறீர்களா?

அண்ணனை ஜன்னலோரம் உட்கார வைத்து, மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி வைத்து அம்மா பார்த்தாள். "உங்கப்பன் மூக்கு அப்படியே இருக்கு, மத்ததெல்லாம் எங்கடா போச்சு?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். மறுவாரமே ஆபரேஷன். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது கூரையில் ஒட்டடை. எனக்கு அர்ச்சனை ஆரம்பமாகிவிட்டது. உங்கள் காலில் விழ வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிஷமே உங்கள்மேல் கோபம் வந்தது. அண்ணனைக் கொடுங்கள் என்று கேட்டால் பதிலுக்கு நீங்கள் அங்கே நின்றுகொள்வதா?

அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் சாயங்காலமானால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிறான். போய் நின்ற பிறகுதான் போக இடமில்லை என்று நினைவு வருகிறது. "இப்ப அவன்கிட்ட பேசிக்கிட்டிருப்பானா வாலு?" என்று கேட்கிறான். நான் பேசுவார் என்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டே காலம் தள்ளியதில், சுலபமான ஒன்று இருவருக்குமே தோன்றவில்லை. மண்ணுக்குள் இருப்பவருக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள். தபால்காரர் கையைப் பிடித்துக்கொண்டு "ஏண்டா இளைச்சுட்ட?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் அங்கே கிடப்பது உங்களுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்து என்ன பிரயோசனம்? ராணுவ அலுவலகத்துக்கு அண்ணன் எழுதிவிட்டான். எழுத வைத்தேன். முதலில் முடியாது என்றான். அம்மா கட்டுப்போட்ட கண்ணோடு, "எழுதுடா, அவ பாவம்" என்றாள். பேனாவை எடுத்தான்.

அவர்கள் வருவார்கள். இடத்தைக் காட்டுங்கள். பாராசூட் துணியிலோ பட்டையிலோ ஏதாவது அடையாளம் இருந்தால் கண்டுபிடிப்பார்களாம். கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். எப்படியானாலும் அவரை ஏற்றி அனுப்பும்வரை நீங்கள் கூட இருங்கள். அண்ணன் ஒன்று சொல்லச் சொன்னான்: வண்டியில் ஏற்றும்போது பெட்டியின் மேல் ஒரு தட்டு தட்டி, சத்தமாக "ஆச்சு" என்று சொல்ல வேண்டுமாம். அவர் கடைசி ஆளாக இருந்திருந்தால், யாராவது தட்டினார்களோ இல்லையோ என்கிறான்.

அதற்குப் பிறகு அங்கே உங்களுக்கு என்ன வேலை? கயிறு பிடிக்க வேறு ஆள் கிடைப்பான். சட்டை தொளதொளவென்று இருக்கிறதாம். தோளைப் பிடித்துத் தைக்க ஆள் எதிரில் நிற்க வேண்டும், கடிதத்தில் அளவெடுக்க எனக்கு வராது.

தபாலில் சேர்க்கக் கிளம்பி வாசலில் கால் வைத்ததும் முதுகில் ஒரு தட்டு. திரும்பினால் அண்ணன். "ஆச்சு, போ" என்றான். தெருமுனை வரைக்கும் அந்த இடம் சூடாக இருந்தது. தபாலாபீஸ் திண்ணையில் உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.

எந்த பஸ் என்று மட்டும் எழுதுங்கள். படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கீழே நான் நிற்கிறேன், வாருங்கள்.

ஊசி